நான் ஓட்டினால் மட்டும் ஏறும் முள்

அன்பும் பொறுமையும் நிறைந்த என் மனைவிக்கு,

உன்னை எப்படி அழைத்துத் தொடங்குவது என்பதிலேயே காலைப் பொழுது போய்விட்டது. வெறும் 'அன்புள்ள' என்று எழுதினால் தண்ணீர் வரி அலுவலகத்துக்கு எழுதுவது போல இருக்கிறது. 'உயிரினும் மேலான' என்று எழுதலாம், அது உண்மைதான், ஆனால் கடிதம் முதலில் மாப்பிள்ளை கையில் கிடைத்துவிட்டால் அப்புறம் நான் அவர் முகத்தில் எப்படி விழிப்பது? 'பொறுமை' என்ற சொல்லை, அது உனக்குச் சற்றுத் தளர்வான சட்டை போலத் தொங்கும் என்று தெரிந்தும், மரியாதைக்காகச் சேர்த்திருக்கிறேன். பெரிதுபடுத்த வேண்டாம்.

இங்கு நான் நலம். அங்கு உன் நலத்தையும், மகள், மாப்பிள்ளை, பேத்தி ஆகியோர் நலத்தையும், தனியாக உன் இடது முழங்காலின் நலத்தையும் அறிய ஆவல். அடுத்த வரியில் 'வண்டியும் நலம்' என்று எழுதிவிட்டால் கடிதம் இத்துடன் முடிந்துவிடும். ஆனால் அந்த ஒரு வரியை எழுதுவதற்குள் நான் பட்ட பாட்டைச் சொல்லாமல் எழுதினால் அது பொய் சொன்னது போலாகும்.

தினமும் போனில் பேசுகிற மனிதர் கடிதம் எழுதுவானேன் என்று நீ கேட்பாய். மகள் போனைச் சாப்பாட்டு மேஜையின் நடுவில் வைத்து ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். நான் 'வண்டி' என்று வாயெடுத்தால் மாப்பிள்ளை "வித்துடுங்க மாமா" என்கிறார், பேத்தி ஹாரன் அடித்துக் காட்டுகிறாள், மகள் "அப்பா, மாத்திரை சாப்பிட்டீங்களா?" என்கிறாள். நான் ஒரு வாக்கியத்தை மனத்தில் கட்டி முடித்து எடுத்துக்கொண்டு வருவதற்குள் "சரிப்பா, வெச்சுடறோம்" என்று ஆகிவிடுகிறது. காகிதம் குறுக்கே பேசாது.

அங்கே உனக்கு முழங்கால் அறுவை முடிந்து நீ மகள் வீட்டுக்கு வந்த மறுநாள், கிளட்ச் மிதிக்கும் காலாதலால் இனி வண்டி ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதாக மகள்தான் சொன்னாள். நீ அப்போது பக்கத்தில்தான் இருந்தாய், ஆனால் ஒன்றும் பேசவில்லை. நீ பேசாமல் இருந்தது எனக்கு அத்தனை தூரத்திலிருந்தும் கேட்டது. பிறகு, "டாக்சி இருக்கு, எல்லாம் இருக்கு. மாடி வீட்டுக்காரர் வண்டியைக் கேட்டுக்கிட்டே இருக்காரே, குடுத்துடுங்க. சும்மா நிக்கிறதுக்கு எதுக்கு?" என்றாய். ஏதோ பழைய நாற்காலியைக் கொடுப்பது போலத்தான் சொன்னாய், ஆனால் 'குடுத்துடுங்க' என்ற சொல்லில் உன் குரல் கொஞ்சம் வழுக்கியது. அந்த நேரத்தில் எனக்கு என்ன ஆயிற்று என்று இன்றுவரை தெரியவில்லை. "வண்டி எங்கேயும் போகாது. நானே ஓட்டறேன். நீ வர்ற அன்னிக்கு ஸ்டேஷனுக்கு நானே வண்டியை எடுத்துக்கிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டேன். உடனே பேத்தி, "தாத்தாவுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டாள். மகள் அவசரமாக என் மாத்திரையைப் பற்றி விசாரித்தாள்.

அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் இத்தனை நாளாக அலைந்துகொண்டிருக்கிறேன். என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது, உன்னுடையதைவிடப் பழையது, ஆனால் பயன்படுத்தாத காரணத்தால் புதுக்கருக்கு அழியாமல் இருக்கிறது. நம் வண்டியில் உன் இடம் ஸ்டீயரிங்குக்கு முன்னால், என் இடம் பக்கத்தில். நீ ஓட்டுவாய், நான் உன் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டு வருவேன். வானிலை நிலையத்தில் வேலைக்காலம் முழுவதும் வெப்பமானியைப் பார்த்துக் குறித்துக்கொண்டு இருந்தவனுக்கு வேறு எதைப் பார்க்கத் தோன்றும்? அங்கே எங்கள் வேலை சூட்டைக் குறித்துக்கொள்வதுதான், குறைப்பது அல்ல. அந்த மனப்பான்மையோடுதான் நான் உன் பக்கத்தில் இத்தனை வருஷம் உட்கார்ந்து வந்திருக்கிறேன்.

சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும் என்று மறுநாளே ஒத்திகையைத் தொடங்கினேன். வீடு, தபால் நிலையம், ரயில்வே கேட், மேம்பாலம், ஸ்டேஷன். அவ்வளவுதான் பாதை. எந்த அளவையும் எடுப்பதற்கு முன் எல்லாக் கருவிகளையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது எங்கள் நிலையத்து வழக்கம் என்பதால், உட்கார்ந்ததும் ரேடியோக் குமிழ், துடைப்பான், ஹீட்டர் நெம்புகோல், கண்ணாடி எல்லாவற்றையும் முறையாகத் தொடக்க நிலையில் வைத்துவிட்டு, மனத்துக்குள் உன்னை நினைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினேன். வண்டி கிளம்பியது. சொன்னால் நம்ப மாட்டாய், தபால் நிலையம் வரை ஒரு குறையும் இல்லை. ரயில்வே கேட்டைத் தாண்டும்போது முள் நடுவை விட்டு நகர்ந்தது. மேம்பாலத்தில் ஏறும்போது அதுவும் என்னோடு ஏறியது. உச்சிக்கு வந்தபோது சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது, பானெட்டின் இரண்டு பக்கமும் புகை. நான் ஓரங்கட்டி நிறுத்திவிட்டு இறங்கி, மேலதிகாரி முன்னால் நிற்பது போல வண்டியின் முன்னால் கைகட்டி நின்றேன். சைக்கிளில் போன ஒருவர், "பெரியவரே, மூடியைத் தொறந்து தண்ணி ஊத்துங்க" என்றார். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் மனம் நோகக் கூடாதே என்று, "இதோ ஊத்தறேங்க" என்று சொல்லி, அவர் பார்வையிலிருந்து மறைந்த பிறகு பின் இருக்கையில் உட்கார்ந்து செய்தித்தாளில் விளம்பரங்கள் உட்பட எல்லாவற்றையும் படித்துவிட்டு, ஆறியபின் வீட்டுக்கு வந்தேன்.

நம் மெக்கானிக்கிடம் போனேன். அவர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "அம்மா வரலையா சார்?" என்று கேட்டார். வரவில்லை என்றதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதியும் ஒரு ஏமாற்றமும் ஒன்றாக வந்தன. விவரம் சொன்னேன். தண்ணீர் பார்த்தார், நிரம்பி இருந்தது. ஒழுகல் இல்லை. ரேடியேட்டரின் முகத்தில் ஒட்டியிருந்த பூச்சி, தூசி எல்லாவற்றையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார். மறுபடி ஓட்டினேன், மேம்பாலத்தில் மறுபடி சிவப்பு. "மூடி லூசா இருக்கும் சார்" என்று புது மூடி போட்டார். மேம்பாலம், சிவப்பு. "தெர்மோஸ்டாட் சார். அது ஒரு கதவு மாதிரி. சூடானா தொறந்து தண்ணியை விடணும். இது சோம்பேறியா இருக்கும்" என்று சொல்லி அதையும் மாற்றினார். மேம்பாலம், சிவப்பு. விசிறி சுற்றுகிறதா என்று நானே குனிந்து பார்த்தேன். நன்றாகச் சுற்றி என் மூக்குக் கண்ணாடியை மூக்கின் நுனிக்குக் கொண்டுவந்தது.

மெக்கானிக் பொறுமை இழந்து, "சார், பம்ப்பு, பெல்ட்டு, ஹோஸு எல்லாத்தையும் ஒரே மூச்சுல மாத்திடலாம். எதனால சரியானா நமக்கென்ன, வண்டி ஓடினா சரி" என்றார். நான் மிகவும் தயங்கி, "கோவிச்சுக்காதீங்க, ஒவ்வொண்ணா மாத்தினாத்தானே எதனால சரியாச்சுன்னு தெரியும்?" என்றேன்.

"தெரிஞ்சு என்ன சார் பண்ணப் போறீங்க? பரீட்சையா எழுதப் போறீங்க?"

"அவ வந்து கேப்பாளே."

அதற்குப் பிறகு அவர் ஒவ்வொன்றாகவே செய்தார். உன் பெயரை எடுக்காமலே அந்தப் பட்டறையில் பல காரியங்கள் நடக்கின்றன.

இதற்கிடையில், நீ 'சர்வஞானி' என்று பெயர் வைத்த மாடி வீட்டுக்காரர் தினமும் இறங்கி வந்து வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்துவிட்டுப் போனார். "மனுஷனுக்கு வயசானா ரத்தம் கொதிக்கும், வண்டிக்கு வயசானா எஞ்சின் கொதிக்கும். இது இயற்கை. இயற்கையோட மல்லுக்கு நிக்காதீங்க" என்றார். வண்டியை அவர் வாங்கிக்கொள்வதாகச் சொன்னபோது, இவ்வளவு குறை சொல்லும் வண்டியை வாங்கி என்ன செய்வார் என்று எனக்கு விளங்கவில்லை. நேற்று முன்தினம் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவர் வண்டி நிற்கும் இடத்தை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் காலடியால் அளந்துகொண்டிருந்தார். அப்புறம்தான் அவர் மனைவி சொன்னார், அவருக்கு வேண்டியது வண்டி இல்லையாம், அந்த நிழலாம். பூந்தொட்டிகள் வைக்க வேண்டுமாம். ஆனையை வாங்குவது அதைக் கட்டும் கொட்டாரத்துக்காக என்பது எனக்குப் புதிய செய்தி. எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. ஆனால் அன்று முதல் வண்டிக்குப் பக்கத்தில் தினமும் கொஞ்ச நேரம் சும்மாவாவது நின்றுவிட்டு வருகிறேன்.

அடுத்து பம்ப்பைத்தான் மாற்ற வேண்டும் என்று பேசி வைத்த நாள், மேம்பாலத்தின் மேல் வழக்கம்போல நின்று ஆறிக்கொண்டிருந்தபோது (நானும்தான்), ஒரு எண்ணம் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. நீ கிளம்பும் வாரம் வரை, வலிக்கும் காலோடு இதே வண்டியை இதே பாலத்தில் ஓட்டினாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து முள்ளைப் பார்த்தேன். ஒரு நாளும் அது நடுவை விட்டு அசைந்ததில்லை. என் கண்ணால் பார்த்தது. அப்படியானால் குற்றம் வண்டியில் இல்லை, என்னிடம். நீ ஓட்டினால் ஏறாத முள் நான் ஓட்டினால் ஏறுகிறது. குதிரை கூட முதுகில் இருப்பவர் யாரென்று பார்த்துத்தான் நடக்கும் என்பார்கள். இரும்புக்கும் அப்படி ஒரு அறிவு இருக்குமோ என்று நான், விஞ்ஞானம் படித்தவன், நினைத்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நினைத்தேன்.

நீ செய்வது எது, நான் செய்யாதது எது என்று யோசித்து, ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். முதலில் வேகம். நான் இரண்டாவது கியரைத் தாண்டுவதில்லை. நீ தெருமுனைக்கு வருவதற்குள் மூன்றாவதில் இருப்பாய். மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு மூன்றாவது போட்டேன். ஒரு நாய் என்னை முந்திச் செல்வது நின்றது, அதைத் தவிர மாற்றம் இல்லை. பிறகு உன் திண்டை எடுத்து இருக்கையில் போட்டு உயரமாக உட்கார்ந்து பார்த்தேன். தலை கூரையில் இடித்தது. பிறகு உன் பழைய கைப்பையைப் பக்கத்து இருக்கையில் வைத்து ஓட்டினேன். இதில் என்ன விஞ்ஞானம் என்று கேட்காதே, விடுபடக் கூடாது என்பதற்காகத்தான். மேம்பாலம், சிவப்பு.

கடைசியாக மிஞ்சியது பேச்சு. வண்டி ஓட்டும்போது நீ மற்ற வண்டிக்காரர்களோடு ஒரு தொடர்ந்த உரையாடல் நடத்திக்கொண்டே போவாய் அல்லவா? அதனால் மனம் லேசாகி, கால் இலகுவாகி, எஞ்சினுக்கும் நல்லதாக இருக்கலாம் என்று ஓர் ஊகம். ரயில்வே கேட்டில் ஒரு லாரி என் முன்னால் குறுக்கே புகுந்தது. உன்னைப் போலவே தலையை வெளியே நீட்டி, "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வாயில் வந்தது, "ஐயா, கொஞ்சம் பாத்து வரக் கூடாதா?" லாரிக்காரர் நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். எனக்கு உயிர் போய்விட்டது. அவர் ஜன்னலில் குனிந்து, "பெருசு, உடம்பு சரியில்லையா? மூஞ்சி ஏன் இப்படி வேர்த்திருக்கு? தனியாவா ஓட்டறீங்க?" என்று கேட்டு, தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்தார். குடித்தேன். நல்ல மனிதர். நீ இருந்திருந்தால் அவரை நாம் இந்த அளவுக்கு அறிந்திருக்க மாட்டோம்.

ஒன்றே ஒன்றை நான் சோதிக்காமல் விட்டேன், அது ஹீட்டர். நீ வெயில் மழை பாராமல் ஹீட்டரைப் போட்டேதான் ஓட்டுவாய். எனக்குச் சளி பிடித்த நெஞ்சு என்பதற்காக. அதை ஏன் விட்டேன் என்றால், கொதிக்கிற எஞ்சினோடு வெப்பக் காற்றையும் சேர்ப்பார் உண்டா? எரிகிற வீட்டில் குளிர்காய அடுப்பு மூட்டுவது போல அல்லவா? அப்படித்தான் நியாயமாக யோசித்தேன். நியாயமாக யோசித்து நான் தவறிய காரியங்களில் இதுவும் ஒன்று.

மறுநாள் தூறல். மேம்பாலத்தின் அடிக்கு வரும்போது முன் கண்ணாடி உள்ளே பனி படிந்து ஒன்றும் தெரியவில்லை. முள் ஏற ஆரம்பித்துவிட்டது. பின்னால் பஸ்காரர் ஹாரனில் கையை வைத்தவர் எடுக்கவே இல்லை. கைக்குட்டையால் துடைத்தால் இன்னும் மங்குகிறது. வேறு வழி தெரியாமல், கண்ணாடி தெளியட்டும் என்று ஹீட்டர் நெம்புகோலைக் கோடி வரை தள்ளினேன். சூடான காற்று முகத்தில் அடித்தது. கண்ணாடி தெளிந்தது. முள்ளைப் பார்த்தேன். அது இறங்கிக்கொண்டிருந்தது. பாலத்தின் மேல் ஏறும்போது இறங்கியது. நான் உச்சியில் வழக்கமாக நிற்கும் இடத்தைத் தாண்டிவிட்டேன் என்பதே மறுபக்கம் வந்த பிறகுதான் தெரிந்தது. நம்பிக்கை வராமல் அணைத்துப் பார்த்தேன், ஏறியது. போட்டேன், இறங்கியது. அந்தப் பாலத்தை அன்று எத்தனை முறை கடந்தேன் என்று கேட்காதே. கடைசியில் கீழே நின்ற போக்குவரத்துக் காவலர், "வழி தெரியலையா ஐயா?" என்று கேட்டார். "இப்பத்தான் தெரிஞ்சுது" என்றேன்.

மெக்கானிக்கிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். "ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான் சார். எஞ்சின் தண்ணிதான் அதுக்குள்ள ஓடுது. அதைப் போட்டதும் சூடு இறங்குதுன்னா தண்ணி நல்லா சுத்துது. பம்ப்பு மேல குத்தம் இல்ல. அப்போ பெரிய ரேடியேட்டர்தான், உள்ளுக்குள்ள அடைச்சிருக்கு" என்று சொல்லி அதைக் கழற்றிக் கவிழ்த்தார். மேலே முகம் கழுவிப் பளபளவென்று இருந்ததே, அதன் வயிற்றிலிருந்து காவி நிறச் சேறு களிம்பு போல வந்தது. பாதிக்கு மேல் குழாய்கள் அடைத்திருந்தன.

"இது நேத்து இன்னிக்கு அடைச்சது இல்ல சார். வருஷக்கணக்கா சேர்ந்தது. இதை வெச்சுக்கிட்டு அம்மா எப்படி ஓட்டினாங்க?"

"அவ எப்பவும் ஹீட்டரைப் போட்டுத்தான் ஓட்டுவா."

"வெயில்லயுமா?"

"வெயில்லயும்தான். எனக்குச் சளி பிடிக்கும்னு."

"ஜன்னலு?"

"தொறந்திருக்கும்."

"சளி பிடிக்கும்னு ஹீட்டரைப் போட்டுட்டு, ஜன்னலைத் தொறந்து வெப்பாங்களா?" என்று கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சார், அம்மா பெரிய ஆளு" என்றார்.

அங்கேயே ஒரு டயரின் மேல் உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. உனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. வண்டி கொதிக்கிறது என்று ஒரு நாள் கண்டுகொண்டு, ஹீட்டரைப் போட்டால் தணியும் என்றும் கண்டுபிடித்து, அந்தக் காற்று உள்ளே தங்காமல் போக ஜன்னலையும் திறந்துவைத்து, இதை என்னிடம் சொன்னால் நான் சாப்பிடாமல், முள்ளை விட்டுக் கண்ணை எடுக்காமல், உன்னையும் ஓட்டவிடாமல் பயந்து சாவேன் என்று தெரிந்து, காரணத்துக்கு எனக்கு ஒரு சளியை உண்டாக்கியிருக்கிறாய். நம் டாக்டர் ஒவ்வொரு முறையும் நெஞ்சில் குழாயை வைத்து, "ஒண்ணும் இல்லையே, சுத்தமா இருக்கே" என்று சொன்னபோது அவருக்குக் காது மந்தம் என்று நினைத்தேனே. எத்தனை வருஷம் நான் ஒரு நோயாளியாக வாழ்ந்திருக்கிறேன். ஐஸ் போட்ட எதையும் தொடவில்லை. ஓய்வுபெற்ற நண்பர்கள் கடற்கரைக்குக் கூப்பிட்டபோது "எனக்கு நெஞ்சு" என்று சொல்லி வீட்டிலேயே இருந்தேன். ஒரு எஞ்சினின் காய்ச்சலை மறைக்க என் நெஞ்சில் சளியைக் கட்டிவிட்டாய். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. எனக்காக இப்படி ஒரு பொய்யை இத்தனை நாள், இத்தனை நுணுக்கமாக, ஜன்னல் உட்பட, யார் காப்பாற்றியிருப்பார்கள்? டயரின் மேல் உட்கார்ந்திருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. மெக்கானிக் புகை என்று நினைத்து விசிறியைத் திருப்பிவிட்டார்.

அப்போது ஹோஸிலிருந்து தண்ணீர் சொட்ட, "துணி ஏதாவது இருக்கா சார்?" என்று கேட்டார். சளிக்காகக் கழுத்தில் எப்போதும் சுற்றியிருக்கும் மப்ளரை உருவிக் கொடுத்துவிட்டேன். அதை நான் கழற்றிக் கொடுப்பதைப் பார்த்து அவர் தயங்கினார். "எடுத்துக்குங்க, எனக்கு இனிமே வேண்டாம்" என்றேன். வீடு வரை வெறுங்கழுத்தோடு நடந்தே வந்தேன். நெஞ்சு எவ்வளவு லேசாக இருந்தது தெரியுமா.

ரேடியேட்டருக்குப் புது உள்பாகம் போட்டாயிற்று. முள் இப்போது, ஹீட்டர் இல்லாமலே, நடுவில் நிற்கிறது. ஆகவே வண்டியும் நலம்.

ஆனால் ஸ்டேஷன் விஷயத்தில் ஒரு மாற்றம். எல்லாவற்றையும் அறிந்து, கணித்து, மறைத்து ஓட்டிய ஒருத்தியின் இருக்கையில் நான் எந்தத் தைரியத்தில் உட்காருவது? சும்மா பழக்கத்தில் ஓட்டுகிறாய் என்று நினைத்தவரை எனக்கும் வரும் என்று தோன்றியது. நீ ஓர் எஞ்சினியர் என்று தெரிந்த பிறகு அந்த நினைப்பு போய்விட்டது. நேற்று வாசலைத் தாண்டுவதற்குள் இரண்டு முறை எஞ்சினை அணைத்துவிட்டேன். ஆகையால் நீ வந்திறங்கும் ஞாயிற்றுக்கிழமை நம் மெக்கானிக் வண்டியை ஓட்டி வருவார், நான் குடையோடு பின்னால் உட்கார்ந்து வருவேன். நான் கொடுத்த வாக்கில் 'வண்டி வரும்' என்ற பகுதியாவது நிறைவேறுகிறது. எஞ்சிய பகுதிக்கு மன்னிக்கவும்.

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள், அவர்கள் வீட்டில் எல்லாக் குழாய்களும் அடைப்பின்றி ஓடட்டும். பேத்திக்கு முத்தம், அவள் கேட்ட கேள்வியை நான் மறக்கவில்லை என்று சொல். படி இறங்கும்போது கைப்பிடியை விடாதே.

இப்படிக்கு,
பக்கத்து இருக்கையில் என்றும் உள்ள
உன் கணவன்

பி.கு.: உறையை ஒட்டிவிட்டுத் தபால் நிலையத்துக்குக் கிளம்பும்போது போன் வந்தது. நீதான். எல்லோரும் வெளியே போயிருக்கிறார்கள், ஸ்பீக்கர் இல்லை என்றாய். நீ பேசியதை உனக்கே எழுதுவது விநோதம்தான். ஆனால் குறித்ததை அழிக்கக் கூடாது, திருத்தம் இருந்தால் அடியில் எழுத வேண்டும் என்பது எங்கள் நிலையத்து விதி. ஆகவே உறையைப் பிரித்து எழுதுகிறேன். மேலே உள்ளவற்றை இதோடு சேர்த்துப் படிக்கவும்.

நான் மெதுவாக, உன் ரகசியம் எனக்குத் தெரியும் என்ற குரலில், "வண்டியில ஹீட்டரை ஏன் எப்பவும் போட்டே வெச்சிருந்தே?" என்று கேட்டேன்.

"இது என்ன கேள்வி? உங்களுக்குச் சளி."

"வெயில்லயுமா?"

"சளி என்ன பஞ்சாங்கம் பாத்தா வரும்?"

"அப்போ ஜன்னலை ஏன் தொறந்து வெச்சே?"

"ஹீட்டர் உங்களுக்கு. ஜன்னல் எனக்கு. உங்க சளிக்கு நான் ஏன் வேகணும்?"

"முள்ளு ஏறுமே, அது உனக்குத் தெரியாதா?" என்று கடைசியாகக் கேட்டேன்.

"நான் எங்க முள்ளைப் பாத்தேன்? ரோட்டைப் பாக்கவே நேரம் சரியா இருக்கும். அதைப் பாக்கத்தானே நீங்க உக்காந்திருந்தீங்க?" என்றாய். அந்த நேரம் பார்த்து எனக்கு இருமல் வந்தது. வந்தது நிற்கவில்லை. "இருமறீங்க. மப்ளர் எங்கே?" என்று கேட்டாய். பட்டறையில் இருக்கிறது என்றேன். அதன் பிறகு நீ சொன்னதை, விதியை மீறி, இங்கே எழுதாமல் விடுகிறேன்.

ஆக, உனக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. எனக்குச் சளி உண்டு. அந்தச் சளிதான் நமக்கே தெரியாமல் இத்தனை வருஷம் வண்டியைக் காப்பாற்றியிருக்கிறது. நெஞ்சு சுத்தம் என்று சொன்ன டாக்டர் விஷயத்தில் மட்டும் எனக்கு இன்னும் சந்தேகம்.

பிறகு, "ஸ்டேஷனுக்கு நீங்கதானே வர்றீங்க?" என்று கேட்டாய். மெக்கானிக் ஓட்டுவார் என்றேன். டாக்டர் சொன்னதை மகள் சொன்ன அன்று பேசாமல் இருந்தாயே, அதே மாதிரி இருந்தாய். "எல்லாம் தெரிஞ்சுதான் நீ ஓட்டினேன்னு நெனச்சேன். அதான் எனக்குப் பயம் வந்துடுச்சு" என்றேன். "எனக்கு என்னங்க தெரியும்? சாவியைத் திருப்பினா ஓடும், பிரேக்கை மிதிச்சா நிக்கும். நடுவுல வர்றதை அப்பப்ப பாத்துக்கறதுதான்" என்றாய்.

அவ்வளவுதானா என்று ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒன்றும் தெரியாமலே நீ என்னை இத்தனை வருஷம் பத்திரமாகக் கூட்டிப் போய்க் கூட்டி வந்திருக்கிறாய். இது எஞ்சினியர் என்பதைவிடப் பெரிது. ஒன்றும் தெரியாதவன் என்ற தகுதி எனக்கும் முழுமையாக இருக்கிறது. மெக்கானிக்கிடம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நானே ஓட்டி வருகிறேன், தனியாக.

வைக்கும்போது, "பயப்படாம ஓட்டுங்க. நான் பக்கத்துல வாயே தொறக்காம உக்காந்து வர்றேன்" என்றாய். அந்தத் தயவு மட்டும் வேண்டாம். இந்த வண்டியில் தனியாக ஓட்டிய நாள்களில் எஞ்சின் சத்தம் ஒவ்வொன்றும் எனக்குக் கேட்டது, அதில்தான் பாதி பயம். நீ பேசிக்கொண்டே வா.